சட்டம் தடுக்காத புத்தகத்தைப் பணப் பாதை தடுப்பது எப்படி?

சட்டப்படி விற்கத் தடையில்லாத ஒரு புத்தகம் இணையக் கடையிலிருந்து திடீரென மறைகிறது. நீதிமன்றம் தடை விதிக்கவில்லை, அரசாணை வரவில்லை, பதிப்பாளரும் விற்பனையை நிறுத்தச் சொல்லவில்லை. கடையை நடத்துபவரைக் கேட்டால், தம் பேமென்ட் நிறுவனம் அதை ஏற்க மறுக்கிறது என்கிறார். பேமென்ட் நிறுவனம் அட்டை நிறுவனத்தின் விதியைக் காட்டுகிறது. அட்டை நிறுவனமோ, தான் எந்தப் புத்தகத்தையும் மதிப்பிடவில்லை என்கிறது. இம்மூன்று பதில்களுமே ஓரளவு உண்மையாக இருக்கக்கூடும். இந்த விவகாரம் பலரைக் குழப்புவதற்குக் காரணமும் அதுதான். யார் எந்த இடத்தில் எந்த முடிவை எடுக்கிறார்கள் என்பதைப் பார்க்க, முதலில் பணம் போகும் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரு மின்னூலின் விலை கடந்து செல்லும் கைகள்

வாசகர் ஒருவர் கடன் அட்டையின் எண்ணைத் தட்டச்சு செய்து மின்னூல் ஒன்றை வாங்கும்போது, அந்தத் தொகை குறைந்தது ஐந்து தரப்பினரைக் கடக்கிறது.

1. அட்டை வழங்கிய வங்கி: வாசகரின் கணக்கு இருக்கும் வங்கி இது. செலவுக்கு ஒப்புதல் தருவதும் பின்னர் வாசகரிடமிருந்து தொகையைப் பெறுவதும் இதன் வேலை.

2. அட்டை வலையமைப்பு: விசா, மாஸ்டர்கார்டு போன்றவை. இவை வாசகருக்குக் கடன் தருவதில்லை. கடைக்காரரோடு நேரடி ஒப்பந்தமும் வைத்துக்கொள்வதில்லை. வங்கிகளுக்கிடையே செய்தியையும் பணத்தையும் கொண்டுசெல்லும் அமைப்பையும், அதில் பங்கேற்போருக்கான விதிகளையும் இவை வைத்திருக்கின்றன.

3. வணிகர் தரப்பு வங்கி: கடைக்காரர் சார்பில் அட்டைப் பணத்தை ஏற்கும் வங்கி. தன் வணிகர் விதியை மீறினால் வலையமைப்புக்கு அபராதம் கட்ட வேண்டியது இந்த வங்கிதான்.

4. பேமென்ட் நிறுவனம்: பேபால், ஸ்ட்ரைப் போன்றவை. ஆயிரக்கணக்கான சிறு வணிகர்களைத் தன் குடையின் கீழ் சேர்த்து, வணிகர் தரப்பு வங்கியோடு இணைத்து வைப்பது இதன் பணி.

5. கடை: பதிப்பகமாகவும் இருக்கலாம், பல்லாயிரம் எழுத்தாளர்களின் படைப்புகளை ஒரே இடத்தில் விற்கும் தளமாகவும் இருக்கலாம்.

எழுத்தாளரும் வாசகரும் இந்த விதிகளை எழுதும் இடத்தில் இல்லை. ஒவ்வொரு தரப்பும் தனக்கு அடுத்துள்ள தரப்போடு மட்டுமே ஒப்பந்தம் செய்திருக்கிறது. எனவே ஒரு விதி மேலிருந்து கீழே வரும்போது ஒவ்வொரு படியிலும் புதிதாகப் பொருள் கொள்ளப்படுகிறது. கீழிருந்து மேலே செல்லும் முறையீட்டுக்கோ அடுத்த படியைத் தாண்டிப் போக வழியில்லை.

'அபாயம்' என்ற சொல்லின் மூன்று பொருள்கள்

பேமென்ட் நிறுவனங்கள் ஒரு கடையை மறுக்கும்போது பெரும்பாலும் 'உயர் அபாயம்' என்ற ஒரே காரணத்தைச் சொல்கின்றன. இந்தச் சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு கவலைகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காவிட்டால் விவாதம் எங்கும் நகராது.

முதலாவது பண அபாயம். வாங்கியவர் 'இதை நான் வாங்கவில்லை' என்று தன் வங்கியிடம் சொல்லித் தொகையைத் திரும்பக் கேட்பதைச் சார்ஜ்பேக் என்பார்கள். பாலியல் உள்ளடக்கம் விற்கும் தளங்களில் இத்தகைய கோரிக்கைகள் அதிகம் என்ற கணிப்பு இத்துறையில் நெடுங்காலமாக நிலவுகிறது. இரண்டாவது சட்ட அபாயம்: குழந்தைகள் மீதான பாலியல் வன்முறையைப் பதிவு செய்த படங்கள் போன்ற குற்றப் பொருட்களின் விற்பனைக்குத் தெரிந்தோ தெரியாமலோ உதவிவிடுவது. மூன்றாவது பெயர் அபாயம். விற்கப்படும் பொருள் முழுக்கச் சட்டப்பூர்வமானதாகவே இருந்தாலும், அதோடு தம் பெயர் சேர்த்துப் பேசப்படுவதை நிறுவனங்கள் விரும்புவதில்லை.

முதல் அபாயத்தை எண்களால் அளக்கலாம். கட்டணத்தைக் கூட்டி ஈடும் செய்யலாம். இரண்டாவதற்குச் சட்டமே எல்லை வகுத்திருக்கிறது. மூன்றாவதற்கு எந்த அளவுகோலும் இல்லை. சட்டப்பூர்வமான புத்தகங்கள் தடைபடுவது பெரும்பாலும் இந்த மூன்றாவதன் பெயரால்தான்.

இந்த அபாயங்களைக் கையாள வலையமைப்புகளிடம் இரண்டு வலுவான கருவிகள் உள்ளன. ஒன்று, ஒவ்வொரு வணிகருக்கும் தரப்படும் நான்கு இலக்க வணிக வகைக் குறியீடு. புத்தகக் கடைக்கு 5942. மின்னூல், இசை, திரைப்படம் போன்ற டிஜிட்டல் பொருட்களுக்கு 5815. இணையவழிப் பாலியல் உள்ளடக்கம் 5967 என்ற உயர் அபாயக் குறியீட்டின் கீழ் வருகிறது; அங்கே கட்டணமும் கூடுதல், நிபந்தனைகளும் கூடுதல். மற்றொன்று, மாஸ்டர்கார்டு பராமரிக்கும் 'மேட்ச்' என்ற பட்டியல். கணக்கு ரத்து செய்யப்பட்ட வணிகர்களின் விவரங்கள் இதில் ஐந்து ஆண்டுகள் இருக்கும். புதிய வணிகர் ஒருவரைச் சேர்க்கும் முன் வங்கிகள் இதைப் பார்க்கும். எனவே ஒரு பேமென்ட் நிறுவனம் கைவிட்டால் இன்னொன்றிடம் போகலாம் என்ற யோசனை, சொல்வதற்கு எளிதாக இருக்கும் அளவுக்குச் செய்வதற்கு எளிதாக இருப்பதில்லை.

விதியில் இல்லாத சொற்கள்

மாஸ்டர்கார்டின் விதித் தொகுப்பில் 5.12.7 என்ற எண்ணுள்ள விதி, சட்டவிரோதமான அல்லது நிறுவனத்தின் பெயருக்கு ஊறு செய்யும் பரிவர்த்தனைகளைப் பற்றியது. வெளிப்படையாக அருவருப்பூட்டுவதும் உருப்படியான கலை மதிப்பு இல்லாததுமான பொருளின் விற்பனையை அது தடுக்கிறது. சம்மதமற்ற பாலுறவு, சிறார் மீதான பாலியல் சுரண்டல், விலங்குப் புணர்ச்சி போன்றவற்றின் படங்களை எடுத்துக்காட்டாகத் தருகிறது. இவற்றோடு, நிறுவனம் ஏற்கத்தக்கதல்ல எனக் கருதும் வேறு எந்தப் பொருளும் இதில் அடங்கும் என்று முடிகிறது.

இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973ஆம் ஆண்டு 'மில்லர் எதிர் கலிஃபோர்னியா' வழக்கில் வகுத்த ஆபாச வரையறையோடு வைத்துப் படிக்க வேண்டும். அந்த வரையறையின்படி, ஒரு படைப்பை ஆபாசம் என்று தள்ள மூன்று நிபந்தனைகளும் ஒருசேர நிறைவேற வேண்டும்: சமகாலச் சமூக அளவுகோலின்படி, முழுமையாகப் பார்க்கும்போது அது காம இச்சையைத் தூண்டுவதாக இருக்க வேண்டும், சட்டத்தில் தெளிவாகக் குறிப்பிடப்பட்ட பாலியல் செயலை அருவருப்பூட்டும் வகையில் சித்திரிக்க வேண்டும், முழுமையாகப் பார்க்கும்போது அதற்கு உருப்படியான இலக்கிய, கலை, அரசியல் அல்லது அறிவியல் மதிப்பு இருக்கக்கூடாது.

வலையமைப்பின் விதி அந்த வரையறையின் சாயலைக் கொண்டிருக்கிறது. ஆனால் அதன் பாதுகாப்புகளைக் கொண்டிருக்கவில்லை. 'முழுமையாகப் பார்க்கும்போது' என்ற சொற்கள் அதில் இல்லை. கலை மதிப்பு பேசப்படுகிறது. இலக்கிய மதிப்பும் அரசியல் மதிப்பும் அறிவியல் மதிப்பும் பேசப்படவில்லை. ஒரு நாவலைப் பொறுத்தவரை இந்த விடுபடல்கள் சிறியவை அல்ல. வன்புணர்வுக்கு ஆளான பெண்ணின் கதையில் அந்த நிகழ்வு இரண்டு பக்கங்களில் வரலாம். நாவலின் பொருள் மீதி முந்நூறு பக்கங்களில் இருக்கலாம். முழுமையாகப் படிக்கும் கடமை நீதிபதிக்கு உண்டு. அட்டை விதியைக் கடைப்பிடிக்கும் அலுவலருக்கு அது இல்லை. அவர் முன் இருப்பது பெரும்பாலும் தலைப்பும், அட்டைப் படமும், குறிச்சொற்களுமே.

சொற்களால் மட்டும் ஆன புத்தகமும் ஆபாசமாகலாம் என்று அதே 1973இல் 'காப்லன் எதிர் கலிஃபோர்னியா' தீர்ப்பு சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பிலேயே, நம் மதிப்பீடுகளின் வரிசையில் புத்தகத்திற்குத் தனியான, முன்னுரிமையுள்ள இடம் உண்டு என்பதையும் நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. பணப் பாதையின் விதிகளில் இந்த வேறுபாட்டுக்கு இடமே தரப்படவில்லை.

2012: சிக்கலும் தீர்வும் ஒருசேர வந்த ஆண்டு

சுயமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளர்களின் மின்னூல்களை விற்ற அமெரிக்கத் தளமான ஸ்மாஷ்வேர்ட்ஸ், வாசகர்களிடம் பணம் பெறுவதற்கும் எழுத்தாளர்களுக்குப் பங்கு கொடுப்பதற்கும் பேபாலைச் சார்ந்திருந்தது. 2012 பிப்ரவரியில் பேபால் அந்தத் தளத்துக்கும் வேறு சில மின்னூல் கடைகளுக்கும் எச்சரிக்கை அனுப்பியது. தகாத உறவு, வன்புணர்வு, விலங்குப் புணர்ச்சி ஆகியவற்றைப் பாலியல் கிளர்ச்சிக்காகச் சித்திரிக்கும் புனைவுகளை நீக்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்பது அதன் சாரம். தளத்தின் நிறுவனர் மார்க் கோக்கர் எழுத்தாளர்களுக்கு அதை வெளிப்படையாக அறிவித்தார்.

இங்கே தடை கோரப்பட்டது குறிப்பிட்ட நூல்களுக்கு அல்ல, கருப்பொருள்களுக்கு. தந்தையைக் கொன்று தாயை மணந்தவனின் கதையும், தெய்வம் விலங்குருவில் வந்து கூடிய தொன்மமும் உலக இலக்கியத்தின் வேரிலேயே இருக்கின்றன. கருப்பொருளை அளவுகோலாக்கினால் அவையும் அந்தக் கோட்டுக்குள் வந்துவிடும். 'கிளர்ச்சிக்காக எழுதப்பட்டவை மட்டும்' என்று வரையறுத்தால், எழுதியவரின் நோக்கத்தை அளக்கும் வேலை பணப் பரிமாற்ற நிறுவனம் ஒன்றின் தலையில் விழுகிறது. அந்த வேலைக்கு அது எந்த வகையிலும் தகுதி பெற்றதல்ல.

இணைய உரிமைகளுக்காகப் போராடும் எலக்ட்ரானிக் ஃபிரன்டியர் ஃபவுண்டேஷன், தணிக்கைக்கு எதிரான தேசியக் கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. விசா, இந்த முடிவில் தனக்குப் பங்கில்லை என்றது. மார்ச் 13 அன்று பேபால் தன் கொள்கையைத் திருத்தியது. திருத்தத்தில் மூன்று அம்சங்கள் இருந்தன:

1. குழந்தைகளைப் பாலியல் பொருளாக்கும் குற்றப் படங்களுக்கான தடை நீடிக்கும். மற்றபடி எழுத்தோடு, சட்டத்தின் வரையறைப்படி ஆபாசமான படங்களும் சேர்ந்திருக்கும் மின்னூல்களுக்கே தடை பொருந்தும். வெறும் எழுத்து தடையிலிருந்து விடுபட்டது.

2. ஒரு வகையைச் சேர்ந்த எல்லா நூல்களையும் நீக்கச் சொல்வதில்லை. எந்த நூல் விதியை மீறுகிறது எனக் கருதுகிறதோ அதைக் குறிப்பிட்டு அறிவிப்பு அனுப்பும்.

3. அந்த அறிவிப்புக்குப் பதில் சொல்லவும் எதிர்வாதம் செய்யவும் தளத்துக்கும் எழுத்தாளருக்கும் வாய்ப்பளிக்கும் முறை ஒன்று உருவாக்கப்படும்.

பேமென்ட் நிறுவனங்களால் புத்தகத்துக்குப் புத்தகம் பார்க்க முடியாது என்ற வாதத்துக்கு, அந்தத் துறையின் முன்னணி நிறுவனம் ஒன்றே 2012இல் தந்த பதிலாக இதைக் கொள்ளலாம். குறை என்னவென்றால், அது ஒரே நிறுவனத்தின் கொள்கைத் திருத்தமாக நின்றுவிட்டது. மற்ற நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் பொது விதியாக அது மாறவில்லை.

விலக்கம் ஏன் கோரியதைவிட விரிகிறது?

மேலே உள்ளவர் பத்துப் பொருட்களை நினைத்துச் சொன்ன விதி, கீழே வரும்போது பத்தாயிரம் பொருட்களை அகற்றுகிறது. இதற்கு எவருடைய தீய எண்ணமும் தேவையில்லை. ஒவ்வொரு படியிலும் உள்ள லாப நட்டக் கணக்கே போதும்.

1. சர்ச்சைக்குரிய நூலால் பேமென்ட் நிறுவனத்துக்குக் கிடைப்பது விலையில் மிகச் சிறு விழுக்காடு. அந்த நூலால் வரக்கூடிய அபராதமோ அவப்பெயரோ அதைவிடப் பன்மடங்கு பெரியது. ஆகவே சந்தேகம் வந்தால் மறுப்பதே அதற்கு மலிவு.

2. அது ஒரு நூலை மட்டும் மறுப்பதில்லை. கடையின் கணக்கையே மறுக்கிறது. எனவே கடைக்கு முன்னால் இருக்கும் தேர்வு, சில நூல்களா அல்லது மொத்த வருமானமா என்பதாகிவிடுகிறது. சமையல் குறிப்பு நூல் எழுதியவரின் வருமானமும் அந்தப் பணயத்தில் இருக்கிறது.

3. பல்லாயிரம் நூல்களைக் குறுகிய கெடுவுக்குள் படித்துப் பார்க்க எந்தக் கடைக்கும் ஆள் கிடையாது. ஆகவே குறிச்சொல்லையும் தேடுசொல்லையும் கொண்டே அது வடிகட்டும். வன்முறையைக் கொண்டாடும் நூலும், அதிலிருந்து மீண்டவரின் நினைவுக் குறிப்பும் ஒரே குறிச்சொல்லைத் தாங்கியிருக்கலாம்.

4. அடுத்த முறை எழுத்தாளர் அந்தக் குறிச்சொல்லையே தவிர்ப்பார். அதற்கடுத்த முறை அந்தக் கருப்பொருளையே தவிர்ப்பார். இந்த இழப்பு எந்தப் பட்டியலிலும் பதிவாவதில்லை. என் பார்வையில் மிகப் பெரிய இழப்பு இதுதான்.

2020க்குப் பின்: அச்சம் பெருகிய காலம்

2020 டிசம்பரில், சம்மதமின்றிப் பதிவேற்றப்பட்ட காணொளிகள் குறித்த செய்திகளுக்குப் பின் விசாவும் மாஸ்டர்கார்டும் பார்ன்ஹப் என்ற பாலியல் காணொளித் தளத்தில் தம் அட்டைகளின் பயன்பாட்டை நிறுத்தின. உண்மையான மனிதர்கள் பாதிக்கப்பட்ட விவகாரம் அது. அந்த நடவடிக்கையைக் குறை சொல்ல இடமில்லை. 2021இல் மாஸ்டர்கார்டு பாலியல் உள்ளடக்கத் தளங்களுக்குக் கடுமையான புதிய நிபந்தனைகளைக் கொண்டுவந்தது. 2022 ஜூலையில், அதே தளத்தின் தாய் நிறுவனத்துடன் சேர்த்துத் தன்மீதும் தொடரப்பட்ட வழக்கிலிருந்து முற்றிலுமாக விடுவிக்கக் கோரிய விசாவின் மனுவைக் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் ஏற்க மறுத்தது. பணத்தைக் கொண்டுசென்றவர் என்ற முறையிலேயே பொறுப்பாளியாக்கப்படலாம் என்ற அச்சம் அதன் பிறகு கூடியது.

உண்மை மனிதர்களைப் பாதுகாக்கப் பிறந்த அந்தக் கடுமை, கற்பனைப் பாத்திரங்கள் மட்டுமே உள்ள வரைகதைகளுக்கும் நூல்களுக்கும் பரவியது. ஜப்பானில் வரைகதைகளை விற்கும் டிஎல்சைட் என்ற தளம் 2024இல், அட்டை நிறுவனங்களின் தரப்பிலிருந்து வந்த கோரிக்கையை ஒட்டி, சில குறிச்சொற்களின் பெயர்களை மாற்றிப் பார்த்தது. ஆயினும் ஏப்ரலில் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை ஏற்பது அங்கே நின்றுபோனது. அதே ஆண்டு நவம்பர் 26 அன்று, அச்சில் இல்லாத பழைய மாங்காக்களை (ஜப்பானிய வரைகதைகளை) படைப்பாளர்களின் அனுமதியோடு பாதுகாத்து வழங்கிய மாங்கா நூலகம் இசட், பேமென்ட் சேவை துண்டிக்கப்பட்டதால் மூடப்பட்டது. வேறு எங்கும் கிடைக்காத படைப்புகளின் காப்பகம் அது என்பதால் இந்த நிகழ்வு தனிக் கவனத்துக்குரியது.

2025 ஜூலையில், கலெக்டிவ் ஷவுட் என்ற ஆஸ்திரேலிய அமைப்பு, பாலியல் வன்முறை விளையாட்டுகளுக்கான பணச் சேவையை நிறுத்தும்படி அட்டை நிறுவனங்களுக்கும் பேமென்ட் நிறுவனங்களுக்கும் திறந்த மடல் எழுதியது. அம்மாதமே கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம், தன் பேமென்ட் நிறுவனங்களின் விதிகளை மீறக்கூடிய உள்ளடக்கத்துக்குத் தடை என்று புதிய விதி சேர்த்தது. விளையாட்டுகளோடு நூல்களையும் வரைகதைகளையும் விற்கும் இட்ச்.ஐஓ, வயதுவந்தோருக்கானது எனக் குறிக்கப்பட்ட எல்லாவற்றையும் தன் தேடலிலிருந்து ஒரேயடியாக மறைத்தது. எந்த விளையாட்டையும் தான் மதிப்பிடவில்லை, கட்டுப்பாடு எதையும் கோரவில்லை என்று மாஸ்டர்கார்டு ஆகஸ்ட் 1 அன்று அறிவித்தது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனமோ, மாஸ்டர்கார்டு தன்னோடு நேரடியாகப் பேசவில்லை என்றும், பேமென்ட் நிறுவனங்களும் வங்கிகளும் வழியாகவே செய்தி வந்தது என்றும், அவை குறிப்பிட்டுக் காட்டியது 5.12.7 விதியையே என்றும் விளக்கியது. சங்கிலியின் கண்ணிகள் ஒன்றையொன்று சுட்டிக்காட்டுவதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது?

பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசமைப்பின் முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்துகிறது; தனியார் நிறுவனத்தை அல்ல. பேமென்ட் நிறுவனம் தானே முடிவெடுத்து ஒரு கடையை மறுத்தால், அதைத் தணிக்கை என்று சொல்லி வழக்கில் வெல்ல இயலாது. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் அரசின் கை இருந்தால் நிலைமை மாறும்.

ரோட் ஐலண்டு மாநிலம் 1956இல் இளைஞரின் ஒழுக்கத்தைப் பேண ஓர் ஆணையம் அமைத்தது. தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அது செய்ததெல்லாம், 'ஆட்சேபத்துக்குரிய' நூல்களின் பட்டியலை மொத்த வியாபாரிகளுக்கு அனுப்பியதுதான். பட்டியல் காவல்துறைக்கும் போனது. பின்னர் காவலர் ஒருவர் வந்து என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று விசாரிப்பார். வியாபாரி நூல்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். 1963இல் 'பான்டம் புக்ஸ் எதிர் சலிவன்' வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மறைமுகத் தணிக்கை என்று தள்ளியது. புத்தகத்தை நேரடியாகத் தொடாமல், அதைக் கொண்டுசெல்லும் இடைத்தரகரை மிரட்டினாலே போதும் என்ற வழிமுறையை அந்தத் தீர்ப்பு சரியாக அடையாளம் கண்டது.

அதே அடிப்படையில், ஒரு விளம்பரத் தளத்துக்கான அட்டைச் சேவையை நிறுத்தும்படி விசாவுக்கும் மாஸ்டர்கார்டுக்கும் ஷெரிஃப் ஒருவர் மடல் எழுதியது அரசமைப்புக்கு முரண் என்று 2015இல் ஏழாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கண்டது. நிதி நிறுவனங்கள் மீதான அரசின் மறைமுக அழுத்தத்தைப் பற்றிய 'என்ஆர்ஏ எதிர் வுல்லோ' வழக்கில் 2024இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக இந்தக் கோட்பாட்டை உறுதி செய்தது.

ஐஸ்லாந்து வேறொரு வழியைக் காட்டியது. ரகசிய ஆவணங்களை வெளியிடும் விக்கிலீக்ஸ் தளத்துக்கான நன்கொடைகளைப் பெற்றுத் தந்த நிறுவனத்தின் சேவையை, விசாவின் பங்காளியான வாலிட்டார் துண்டித்தது. 2013 ஏப்ரலில் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அதை ஒப்பந்த மீறல் என்று தீர்ப்பளித்து, சேவையை மீண்டும் திறக்க ஆணையிட்டது. கருத்துரிமையைத் தொடாமல் ஒப்பந்தச் சட்டத்தைக் கொண்டே கிடைத்த வெற்றி அது.

நிறுவனங்களின் தரப்பும் அதன் எல்லையும்

யாரோடு வணிகம் செய்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை தனியாருக்கு உண்டு என்பது நிறுவனங்களின் முதன்மை வாதம். ஒரு தெருவில் இருபது கடைகள் இருந்தால் இந்த வாதம் முழுமையாகப் பொருந்தும். சீனாவுக்கு வெளியே, இரண்டே வலையமைப்புகளின் விதிகளுக்குள் உலகின் பெரும்பகுதி அட்டைவழி வணிகம் நடக்கும்போது அது அதே வலுவோடு நிற்பதில்லை. முன்கூட்டியே பணம் கட்டி வாங்கும் புள்ளிகள், வங்கிப் பரிமாற்றம், 2011இல் விக்கிலீக்ஸ் ஏற்கத் தொடங்கிய பிட்காயின் ஆகிய மாற்று வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு நூலை வாங்கக் கூடுதலாகச் சில படிகள் ஏற வேண்டியிருந்தால் பெரும்பாலான வாசகர்கள் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள். சிறு எழுத்தாளருக்கு அதுவே போதுமான தடை.

குற்றப் படங்களுக்கு எதிரான கண்டிப்பு தளர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. எழுத்தையும் படத்தையும் வேறுபடுத்துவது, கற்பனையையும் உண்மை மனிதர்களின் பதிவையும் வேறுபடுத்துவது, கடைக்குப் பதிலாக நூலைக் குறிப்பிடுவது, காரணத்தை எழுத்தில் தருவது, பதில் சொல்ல அவகாசம் அளிப்பது: 2012இல் ஒரு நிறுவனம் ஏற்றுக்கொண்ட இந்த நடைமுறைகளை வலையமைப்புகளின் விதித் தொகுப்புக்குள்ளேயே எழுதும்படி கேட்பதுதான் நியாயமான கோரிக்கை. ஏனெனில் கீழே உள்ள ஒவ்வொரு படியும் அஞ்சுவது அந்தத் தொகுப்பைப் பார்த்துத்தான்.

2025 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க அதிபர் பிறப்பித்த நியாயமான வங்கிச் சேவை பற்றிய ஆணை, வங்கிகளை மேற்பார்வையிடும் அமைப்புகள் தம் வழிகாட்டுதல்களிலிருந்து 'பெயர் அபாயம்' என்ற கருத்தை நீக்கும்படி பணித்தது. அரசின் ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீங்கினாலும், வலையமைப்புகளுக்கும் வங்கிகளுக்கும் இடையேயான தனியார் ஒப்பந்தம் வேறு ஆவணம். புத்தகக் கடையின் கணக்கை முடிவு செய்வது அந்த ஒப்பந்தத்தின் வாசகமே.